"எங்க வம்சத்துக்கே தாங்கும் சார்": மேல்மலைக் குடும்பம் ஒண்ணோட மூணு தலைமுறைக் குடி

"குடி பரம்பரையா வருமா சார்?" இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. குடிக்கிறவன் கேக்க மாட்டான், அவன் பொண்டாட்டியோ அம்மாவோதான் கேப்பாங்க, அதுவும் கவுன்சிலிங் முடிஞ்சு எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து கேப்பாங்க. நான் டாக்டர் இல்ல, வத்தலக்குண்டு பக்கம் குடிநோயாளிகளுக்கும் அவங்க வீட்டாளுங்களுக்கும் கவுன்சிலிங் பண்றவன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தக் குடும்பத்தை விட நல்ல கேஸ் எனக்குக் கெடைக்கல. அவங்க சம்மதம் குடுத்துதான் எழுதுறேன், ஆள் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்திருக்கேன், பேரும் ஊரும் போடல. மூத்தவர், நடுவுலவர், கடைசித் தம்பின்னே வச்சுக்குவோம்.

கேஸ் வந்த விதம்

மூத்தவருக்கு 41 வயசு. கொடைக்கானல் மேல்மலையில பூண்டு, உருளை, கொஞ்சம் கேரட்டு போடுறவரு. மார்கழியில பழனிக்குப் பாதயாத்திரை போக மாலை போட்டாரு. மாலை போட்டா குடிக்கக்கூடாது, அதனால அன்னைக்குக் காலையிலயே நிறுத்திட்டாரு, அதுவரைக்கும் தினமும் மூணு குவார்ட்டர். மறுநாள் சாயங்காலம் வலிப்பு வந்துச்சு, வாயில நுரை, வீட்ல இரும்பு சாவியக் குடுத்து உக்கார வச்சிருக்காங்க. மூணாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் வேர்வை, கை உதறல், சுவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டித் தட்டி விடுறாரு, செத்துப்போன அப்பா வாசல்ல நிக்கிறாருன்னு பேசுறாரு. மாலை போட்ட ஆளு இல்லையா, ஊரே சாமி வந்துருச்சுன்னு சொல்லிருச்சு. பூசாரி விபூதி போட்டு, எலுமிச்சம்பழம் சுத்தி, குறி கேக்க நாலு பேர் வரிசையில வேற நின்னுருக்காங்க.

அவரு தம்பிதான், அந்த நடுவுலவர், இது சாமி இல்லன்னு சொல்லி ஜீப்புல போட்டு ராத்திரியோட ராத்திரியா மலையெறக்கி ஆஸ்பத்திரியில சேத்தது. வருசக்கணக்கா தினமும் நெறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா மொத ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள இந்தப் பிதற்றலும் மாயத்தோற்றமும் வரலாம், டாக்டர்ங்க டெலீரியம் ட்ரெமன்ஸ்னு சொல்லுவாங்க, கவனிக்காம விட்டா உயிரே போயிரும். அங்க தயமின்னு வைட்டமின் பி1 ஊசி போட்டு அதுக்கப்புறம்தான் குளுக்கோஸ் ஏத்தினாங்க, லோராசிபாம்னு நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்குற மருந்து குடுத்துப் படிப்படியாக் கொறச்சாங்க. மாலை போடுற சீசன்ல இந்த மாதிரி கேஸ் வரும்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும். தினமும் குடிக்கிறவரு வீட்ல இருந்தா, மாலை போடுறதுக்கு முன்னாடி டாக்டரப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.

எவ்ளோ குடிச்சாருன்னு அவரக் கேட்டா "சும்மா குளிருக்கு ஒரு கட்டிங்"னாரு. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. (குளிருக்குக் குடிச்சா தோல்ல ரத்தக்குழாய் விரிஞ்சு சூடு வெளியில போயிரும், கதகதன்னு தெரியுமே தவிர உடம்பு உள்ளுக்குள்ள குளுந்துதான் போகும்.) சரியான கணக்கு அவரு சம்சாரம்தான் குடுத்தாங்க. மலைப்பகுதி டாஸ்மாக்ல காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபா குடுக்குற திட்டம் ஐகோர்ட்டு சொல்லி வந்துச்சே, 2022ல மொதல்ல நீலகிரில ஆரம்பிச்சது, அந்தப் பத்து ரூபாவ இந்தம்மாதான் வாங்கிச் சேத்து வச்சிருக்காங்க. வாரத்துக்கு இருபது பாட்டில், சில வாரம் இருபத்திரெண்டு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதுல 42.8 சதவீதம் ஆல்கஹால், எடை போட்டா சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராம் இருக்கும். 10 கிராம ஒரு அளவுன்னு வச்சா ஒரு குவார்ட்டரே ஆறு அளவு, அவரு தினமும் பதினெட்டு. இதுல கட்டிங் எங்க இருந்து வந்துச்சு.

கட்டமும் வட்டமும்

நாங்க குடும்ப வரைபடம் போடுவோம், ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், குடிநோய் இருந்தா உள்ள கறுப்படிக்கணும். இந்தக் குடும்பத்துக்குப் போட்டு முடிச்சப்ப தாள்ல கறுப்பு நெறைய இருந்துச்சு.

தாத்தா காலத்துல சென்னை மாகாணத்துல மதுவிலக்கு. சோலைக்குள்ள கள்ளத்தனமா வேலம்பட்டை போட்டுக் காச்சுன பட்டைச்சாராயம்தான், அதுவும் திருவிழா, சாவுன்னா கெடைக்கும். கெடைச்ச அன்னைக்கு மனுசன் தீர்ற வரைக்கும் குடிப்பாராம், தீந்துட்டா மறுபடி காட்டு வேலைக்குப் போயிருவாராம், அவரக் குடிகாரர்னு யாரும் சொன்னதில்ல. அவரு மவன், அதாவது இவங்க அப்பா, வாலிபமா இருக்கிறப்ப 1971ல மதுவிலக்கு எடுத்தாங்க, கொஞ்ச வருசத்துலயே திரும்பப் போட்டாங்க, 1981ல மறுபடி எடுத்தாங்க. அவரு பூண்டு லோடு ஏத்திக்கிட்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போனா காசும் கையுமா வழியில இருக்கிற கடையெல்லாம் ஏறி எறங்கித்தான் வருவாரு. 52 வயசுல ரத்த வாந்தி எடுத்து செத்துட்டாரு. பசங்க காலத்துல 2003ல இருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே வந்துருச்சு, காலையில தோட்டத்துக்குப் போறவன் சாயங்காலம் கடை வழியாத்தான் வீட்டுக்குத் திரும்பணும்.

மூணு பேருக்கும் ஒரே ரத்தம்தான். தாத்தாவுக்கு மாசத்துக்கு ஒரு நாள், அப்பாவுக்கு சந்தை நாள், மகனுக்கு தினமும். இத வச்சு சில பேரு "அப்ப பரம்பரை கிரம்பரை எல்லாம் ஒண்ணும் இல்ல, கடையத் தொறந்து வச்சதுதான்"னு சொல்லுவாங்க. கடை ஒரு காரணம்தான், நான் மறுக்கல. ஆனா அதே ஊர்ல அதே கடை எல்லாருக்கும்தான் தொறந்திருக்கு, எல்லார் வீட்லயும் மூணு குவார்ட்டர் இல்லையே. ஃபின்லாந்துல இரட்டையர்கள வச்சுப் பண்ண ஆய்வுல, கிராமத்தை விட டவுன்ல வளந்த பசங்ககிட்டதான் குடிக்கிற பழக்கத்துல பரம்பரையோட பங்கு அதிகமாத் தெரிஞ்சுச்சு. கட்டுப்பாடு இருக்கிற எடத்துல ரத்தத்துல இருக்கிறது வெளிய தெரியாமயே போயிருது, வாய்ப்பு கெடைச்சாத்தான் முளைக்குது. இந்தத் தாத்தா கதை அதேதான்னு நான் நெனைக்கிறேன்.

கடைசித் தம்பி

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமான ஆளு இவருதான். 33 வயசு. நாலு வயசுலயே புள்ள இல்லாத சித்தி வீட்டுக்கு வளக்கக் குடுத்துட்டாங்க, ஒட்டன்சத்திரம் பக்கம். சித்தப்பா வள்ளலார் வழியில போறவரு, வீட்ல கறி கூட கெடையாது, சாராயம் வாசம் கூட அந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல. இந்தப் பையன் அப்பா குடிச்சதப் பாத்து வளரல, வருசத்துக்கு ஒரு தடவை லீவுக்கு மேல வருவான், அவ்ளோதான்.

அண்ணனப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவரு, "எங்கண்ணனுக்குக் கன்ட்ரோல் கெடையாது சார், நான்லாம் ஒரு ஆஃப் அடிச்சாலும் ஸ்டெடியா வண்டி ஓட்டிட்டு வந்துருவேன், எங்க வம்சத்துக்கே தாங்கும் சார்"னு பெருமையாச் சொன்னாரு. மொத தடவை குடிச்சது எப்பன்னு கேட்டேன். காலேஜ்ல, 19 வயசுல, கூட இருந்த பசங்க ரெண்டு பீர்ல மட்டையாயிட்டானுங்க, இவருக்கு நாலு பீர் குடிச்சும் ஒண்ணுமே தெரியலயாம், "வேஸ்ட்டுடா இது"ன்னு சொல்லிட்டு ஹாட்டுக்குப் போயிட்டாரு. ஆடிட்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்தது, பத்துக் கேள்வி, மொத்தம் 40 மார்க், 8 வந்தாலே கவனிக்கணும். சும்மா போட்டுப் பாப்போம்னு போட்டோம், இவருக்கு 17 வந்துச்சு. மனுசன் சிரிச்சாரு, நான் சிரிக்கல.

டென்மார்க்ல 1973ல வந்த ஆய்வு ஒண்ணு இங்க அப்படியே பொருந்துது. குட்வின்னு ஒருத்தர் தலைமையில பண்ணது. அங்க தத்துக் குடுக்குறதுக்கு ஒழுங்கான பதிவேடு இருக்கு, அத வச்சு, பெத்தவங்கள்ல ஒருத்தருக்குக் குடிநோய் இருந்து பொறந்த ஆறு வாரத்துக்குள்ள வேற வீட்டுக்குத் தத்துப்போன 55 ஆம்பளைங்களத் தேடிப் புடிச்சாங்க. ஒப்பிட்டுப் பாக்க, அந்த மாதிரி பெத்தவங்க இல்லாத 78 தத்துப்புள்ளைங்க. மொதக் கூட்டத்துல 18 சதவீதம் பேருக்குக் குடிநோய், ரெண்டாவதுல 5 சதவீதம். பாத்துக் கத்துக்கிட்டான்னு சொல்ல முடியாது, பெத்தவங்க மூஞ்சியே தெரியாது. அடுத்த வருசம் அதே குழு இன்னொண்ணு பாத்துச்சு: தத்துப்போன புள்ளைக்கும், குடிக்கிற பெத்தவங்ககிட்டயே வளந்த அவன் அண்ணன் தம்பிக்கும் பெருசா வித்தியாசம் இருக்கான்னு. இல்ல. எங்க மூத்தவரும் கடைசித் தம்பியும் அப்படியே. (இவரு நாலு வயசு வரைக்கும் மேலதான் இருந்தாரு, அதனால டென்மார்க் அளவுக்கு சுத்தமான சோதனைன்னு சொல்ல முடியாது.)

தாங்குறதுதான் பிரச்சனை

இப்ப அந்த "தாங்கும்"ங்கிற பெருமைக்கு வர்றேன், இந்தக் கட்டுரையே அதுக்குத்தான்.

அமெரிக்காவுல சான் டியாகோவுல மார்க் ஷுக்கிட்னு ஒரு டாக்டர். குடிநோயாளிகளோட பசங்க, கிட்டத்தட்ட 20 வயசுக்காரங்க, அவங்களுக்கு அளந்து ஆல்கஹால் குடுத்து, எவ்ளோ போதை தெரியுதுன்னு கேட்டு, உடம்பு எவ்ளோ ஆடுதுன்னும் அளந்தாரு. சில பேருக்கு நல்லா ஏறுச்சு, சில பேருக்கு அதே அளவு ரத்தத்துல இருந்தும் ஒண்ணுமே தெரியல. பத்து வருசம் கழிச்சு அதே ஆளுங்களத் திரும்பப் பாத்தாரு, 1994ல வெளியிட்டாரு. ஏறாதவங்கள்ல 56 சதவீதம் பேரு குடிநோயாளி ஆயிருந்தாங்க. நல்லா ஏறுனவங்கள்ல 14 சதவீதம்தான். ரெண்டு கூட்டமும் குடிநோயாளியோட பசங்கதான், அதக் கவனிங்க.

அதாவது ரெண்டு பெக்குல தள்ளாடி வாந்தி எடுத்து எல்லாரும் கிண்டல் பண்றானே, அவனுக்கு உடம்பே பிரேக் போடுது. நாலு பெக் அடிச்சும் நேரா நடக்குறான் பாருங்க, ஊரே கெத்துன்னு சொல்லுதே, அவனுக்குத்தான் அந்த பிரேக் இல்ல. மத்தவன் உணர்ற அளவுக்கு இவன் உணரணும்னா ரெண்டு மடங்கு குடிக்கணும், அப்படிக் குடிக்கிறவங்கதான் இவனுக்கு ஃப்ரெண்டாவும் அமைவாங்க, கொஞ்ச வருசத்துல அதுவும் பத்தாமப் போயிரும். போதை தலைக்குத் தெரியலன்னா ஈரலுக்கும் தெரியாதுன்னு அர்த்தமில்ல, 60 கிராம் உள்ள போனா 60 கிராம்தான், பெரும்பங்கு ஈரல்தான் எரிக்கணும். வண்டி ஓட்டுற கணக்கும் அதே மாதிரிதான், ஸ்டெடியா இருக்கேன்னு அவனுக்குத் தோணும், ரத்தத்துல அளவு அப்படியே இருக்கும், கொடைக்கானல் மலைரோட்டு ஹேர்பின் வளைவுக்கு அந்த நெனப்பெல்லாம் தெரியாது.

தாங்குற சக்தி மட்டும்தான் பரம்பரையா வருதுன்னும் சொல்லிற முடியாது. பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில 1995ல வந்த ஆய்வுல, குடிநோயாளிகளோட நெருங்கின ஆம்பளைச் சொந்தக்காரங்களுக்கு மூளை அலையில பி300ங்கிற ஒரு அலையோட உயரம் கம்மியா இருக்கிறதப் பாத்தாங்க, குடும்பத்துல ஆபத்து கூடக்கூட அந்த அலை சின்னதாயிட்டே போகுது. யோசிக்காம சட்டுனு செய்யுற சுபாவம், சின்ன வயசுலயே துறுதுறுன்னு அடங்காம இருக்கிறது, இதெல்லாம் கூட சில குடும்பத்துல சேந்தே வரும். ஜீன்னு பாத்தா ஒண்ணு ரெண்டு இல்ல, ஏகப்பட்டது, ஒவ்வொண்ணும் துளித்துளியாத்தான் பங்கு வைக்கும், அதனால ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணி "உன் மவன் குடிகாரன் ஆவான்"னு சொல்ற பரிசோதனை எதுவும் கெடையாது. எவனாவது காசு வாங்கிட்டு சொல்றேன்னா நம்பாதீங்க.

இரட்டையர் ஆய்வு, தத்து ஆய்வு எல்லாத்தையும் சேத்துப் பாத்தா குடிநோய்ல பரம்பரையோட பங்கு சுமார் 50 சதவீதம்னு வருது. இதக் கேட்டவுடனே அந்த வீட்டு அப்பத்தா, "அப்ப ரெண்டு பேரன்ல ஒருத்தன் போயிருவானா தம்பி?"ன்னு கேட்டுச்சு. அப்படி இல்ல அப்பத்தா. ஊர் மொத்தத்துல ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் இருக்கிற வித்தியாசத்துல பாதி ரத்தத்தால, மீதிப் பாதி வளந்த விதம், சேர்ந்த கூட்டு, கை எட்டுற தூரத்துல கடைன்னு மத்ததால. குடிநோயாளி வீட்டுப் புள்ளைங்களுக்கு மத்தவங்கள விட நாலு மடங்கு ஆபத்துன்னு சொல்லுவாங்க, ஆனா அந்தப் புள்ளைங்கள்ல பாதிக்கு மேல குடிநோயாளி ஆகுறதில்ல. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. அப்பத்தாவுக்கு இது புரிஞ்சுதான்னு தெரியல, ஆனா கொஞ்சம் மொகம் தெளிஞ்சுச்சு.

நடுவுலவரும் பொடியும்

நடுவுலவர் தொடுறதே இல்ல. ஊர்ல அவருக்கு மனஉறுதிக்காரர்னு பேரு, எனக்கு இந்த மனஉறுதிப் பேச்சு பிடிக்காது, அதச் சொல்லிச் சொல்லியே மூத்தவரக் குத்திட்டாங்க. அவருகிட்டயே கேட்டேன். 17 வயசுல ஒரு கட்டிங் போட்டாராம், மூஞ்சி சிவந்து நெஞ்சு படபடன்னு அடிச்சு ராத்திரி பூரா வாந்தி, அதோட சரி. "எனக்கு ஒத்துக்கல சார், அவ்ளோதான், நான் ஒண்ணும் காந்தி இல்ல"ன்னாரு. நேர்மையான மனுசன். அதுக்கு மேல, சின்ன வயசுல அப்பாவக் கடை வாசல்ல இருந்து தூக்கிட்டு வர்ற டியூட்டி இவருக்குத்தான், அதுவும் சேந்திருக்கும். அண்ணன் தம்பின்னா ஜீன்ல சராசரியா பாதிதான் ஒத்துப்போகும், சீட்டுக்கட்டக் கலச்சுப் போட்டு ஆளுக்குக் குடுக்குற மாதிரி, ஒரே கட்டுதான், ஆனா ஆளாளுக்கு வேற சீட்டு.

ஆல்கஹால் ஈரல்ல மொதல்ல அசிட்டால்டிஹைடா மாறும், அது விஷம், அதை ஒரு என்சைம் வந்து கரைக்கணும். சீனா, ஜப்பான், கொரியாவுல நெறைய பேருக்கு அந்த என்சைம் பொறவியிலயே சரியா வேலை செய்யாது, குடிச்சா மூஞ்சி சிவந்து வாந்தி வரும், அதனால அவங்கள்ல குடிநோய் கம்மி. நம்ம ஆளுங்ககிட்ட அந்த மாற்றம் ரொம்ப அரிது, நடுவுலவருக்கு அதான்னு நான் சொல்ல வரல. சொல்ல வந்தது வேற: டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு, குடிநோய்க்கு மருந்தாகும்னு 1940கள்ல டென்மார்க்ல கண்டுபுடிச்சது, அது அந்த என்சைமத்தான் அடைக்கும். தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் பார்வையில சாப்பிட்டா அது மருந்து. தெரியாமக் குடுத்தா பிரஷர் எறங்கி ஆளே போயிரலாம். மூத்தவர் வீட்ல முன்னாடி ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு நோட்டீஸப் பாத்து, "குடியை மறக்கச் செய்யும் பொடி, சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்"னு இருந்தத வாங்கி சாம்பார்ல கலந்திருக்காங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அன்னைக்கு மனுசன் நெஞ்சப் புடிச்சிட்டு விழுந்ததுதான் மிச்சம். அந்தப் பொடிய வாங்காதீங்க.

மூத்தவர் மவன்

இப்ப நாலாவது தலைமுறை. மூத்தவரு கட்டினது அத்தை மகள, அந்த அத்தை யாரு, அதே தாத்தாவோட மக. சம்சாரத்தோட அப்பாவும் குடிச்சே செத்தவரு. வரைபடத்துல பையன்கிட்ட வந்து சேர்ற கோட்டப் பாத்தா அப்பா வழியாவும் அம்மா வழியாவும் அதே தாத்தாகிட்ட போய் நிக்குது, போதாததுக்கு அம்மாவப் பெத்தவரும் கறுப்புக் கட்டம். சொந்தத்துல கட்டுனா குடிநோய் வரும்னு யாரும் அவசரப்பட்டு எழுதிறாதீங்க, நான் சொல்றது இவ்ளோதான்: ரெண்டு பக்கமும் குடி இருக்கிற வீட்ல பொண்ணு எடுத்துக் குடுத்தா ஆபத்தும் ரெண்டு பக்கத்துல இருந்தும் சேரும். பொம்பளைங்க குடிக்கிறதில்லங்கிறதால அவங்க வழியா ஒண்ணும் வராதுன்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு, அத்தை ஒரு சொட்டு தொடாம இருந்தாலும் தாத்தாவோட பங்க மகளுக்குக் குடுத்துட்டுத்தான் போயிருக்கும்.

பையனுக்கு 16, பதினொண்ணாவது. மூத்தவரு தெளிஞ்சு உக்காந்து பேசுன மொத நாள்லயே என்கிட்ட சொன்னது: "என் மவனும் என்ன மாதிரியே சார், திருவிழாவுல கூட்டாளிகளோட ரெண்டு பீர் அடிச்சிருக்கான், மத்தவனுங்க சுருண்டுட்டானுங்க, இவந்தான் எல்லாத்தையும் வீட்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கான்." திட்டுற மாதிரிதான் சொன்னாரு, ஆனா கண்ணுல பெருமை.

அந்தம்மா ஷுக்கிட் ஆய்வுக் கதையக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் நேரா மவனக் கூட்டிட்டு வந்துட்டாங்க. பையன்கிட்ட பயமுறுத்துற மாதிரி எதுவும் சொல்லல, பயமுறுத்துனா அந்த வயசுல வேலைக்காகாது. வரைபடத்தை அவன் முன்னாடி வச்சேன், கறுப்புக் கட்டத்தையெல்லாம் அவனே எண்ணுனான். ஏறாம இருந்தா அது கெத்து இல்ல, உனக்கு பிரேக் லேட்டாப் புடிக்கும்னு அர்த்தம்னு சொன்னேன். 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்கள்ல பத்துக்கு நாலு பேரு பின்னாடி ஏதோ ஒரு கட்டத்துல அடிமையாயிருந்தாங்க, 20 வயசு வரைக்கும் தள்ளிப்போட்டவங்கள்ல பத்துக்கு ஒருத்தர்தான், இது அமெரிக்காவுல 1990கள்ல ஆயிரக்கணக்கான பேர்கிட்ட எடுத்த கணக்கு. அதனால நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, தமிழ்நாட்டுச் சட்டமே 21 வயசுன்னு சொல்லுது, அது வரைக்கும் தொடாத, அப்புறம் வந்து பேசுன்னு. "ஃப்ரெண்ட்ஸ் கூப்ட்டா என்ன சொல்றது?"ன்னான், "எங்க வீட்ல எல்லாருக்கும் ஒத்துக்கிறதில்ல, சித்தப்பாவுக்கு மூஞ்சி சிவந்து வாந்தி வரும்னு சொல்லு"ன்னு அவங்கம்மா எடுத்துக் குடுத்தாங்க. நான் அதவிட நல்லதா எதுவும் சொல்லிருக்க மாட்டேன்.

இப்போதைய நிலவரம்: மூத்தவரு ஒரு வருசம் தாண்டிட்டாரு, நடுவுல அறுவடை முடிஞ்சு சந்தையில காசு கைக்கு வந்த அன்னைக்கு ஒரு தடவை சறுக்கிட்டாரு, மறுநாளே அவரே ஃபோன் பண்ணாரு, இப்ப பூண்டுக் காசு நேரா சம்சாரம் அக்கவுண்டுக்குப் போகுது, சந்தைக்கு நடுவுலவர் கூடப் போறாரு. குடிய விட்டவங்க கூடிப் பேசுற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்கு மாசத்துல ரெண்டு தடவையாவது கீழ எறங்குறாரு. கடைசித் தம்பி இன்னும் எங்ககிட்ட வரல. "எனக்கென்ன சார், நான் ஸ்டெடி"ன்னே சொல்லிட்டிருக்காரு. ஆனா அவரு சம்சாரம் போன வாரம் ஃபோன் பண்ணி, காலையில பல்லு வெளக்குறப்ப இவருக்குக் கை நடுங்குது சார், இதுக்கு முன்னாடி இப்படி இருந்ததில்லன்னாங்க. திடீர்னு நிறுத்தச் சொல்லாதீங்கன்னு மட்டும் சொல்லி, டாக்டர் நம்பர் குடுத்திருக்கேன்.